வரப்புப் பூச்செடியைப் பிடுங்க வேண்டாம்

காரமடைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார்: “இரண்டு ஏக்கர் கறிவேப்பிலை. அறுத்து மூன்று வாரம் ஆகிறது. யூரியா போட்டுத் தண்ணீர் விட்டேன், துளிர் நன்றாக வந்தது. இப்போது பச்சைப்புழு மொட்டையடிக்கிறது. வரப்பில் செண்டுமல்லியும் உண்ணிச்செடியும் பூத்துக் கிடப்பதால்தான் பட்டாம்பூச்சி வருகிறது, அதைப் பிடுங்கிவிட்டு இரண்டு மருந்தைக் கலந்து அடியுங்கள் என்கிறார் மருந்துக் கடைக்காரர். செய்யலாமா?”

ஐயா, பிடுங்காதீர்கள். உங்கள் காட்டுக்கு வருவது எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகள். பட்டாம்பூச்சிக்குத் தேன் எந்தப் பூவிலும் கிடைக்கும், அதற்காகத் தோட்டம் விட்டுத் தோட்டம் பறக்கும். ஆனால் அதன் புழு கண்டதைத் தின்னாது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் என்று அந்த ஒரு குடும்பத்துச் செடிகள்தான் வேண்டும். தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டி ருசி பார்த்துத்தான் முட்டை வைக்கும். வரப்புப் பூவைப் பிடுங்கினாலும் கறிவேப்பிலையைத் தேடி அது வரத்தான் செய்யும். நம் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவன் மலைக்காட்டை ஒட்டியே வாழ்வதும் இதனால்தான். அதன் புழுவுக்கு நீரடிமுத்து இலை வேண்டும். அந்த மரம் இருப்பது அங்கே. சொட்டுநீர்க் குழாய் கசியும் ஈரமண்ணில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். உப்புச்சத்துக்காக வரும் அவை பெரும்பாலும் ஆண்கள், முட்டை வைக்காது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. இரண்டு ஏக்கரையும் ஒரே மூச்சில் அறுத்து, யூரியாவையும் கொட்டினால், காடு முழுக்க ஒரே நாளில் இளந்துளிர் விரியும். முட்டை வைக்க அதைவிட நல்ல இடம் ஏது? அடுத்த முறை காட்டை நான்கு பாத்தியாகப் பிரித்து, வாரம் விட்டு வாரம் அறுங்கள். யூரியா தரும் தழைச்சத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள்.

இப்போதைக்குக் காலையில் ஆள் விட்டுப் பொறுக்குங்கள். துளிரில் வெளிர்மஞ்சள் மணி மாதிரி இருப்பது முட்டை. இலைமேல் பறவை எச்சம் போலத் தெரிவது இளம்புழு. பெரியதைத் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பு நீட்டி நாற்றமடிக்கும், கடிக்காது. பொறுக்கி மாளாத பாத்தியில் மட்டும் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். அல்லது புழு சின்னதாக இருக்கும்போதே, வெயில் தாழ்ந்தபின் பி.டி. என்ற பாக்டீரியா மருந்தைத் தெளியுங்கள்.

அந்தக் கலவை மருந்து வேண்டவே வேண்டாம். எந்தப் புழு, எந்த வயது என்று காட்டில் இறங்கிப் பார்க்காமல் கல்லாவில் உட்கார்ந்து மருந்து எழுதிக் கொடுப்பது வைத்தியம் இல்லை, வியாபாரம். கறிவேப்பிலை இலையாகவே சட்டிக்குப் போகிற பொருள். ஐரோப்பாவில் இந்தியக் கறிவேப்பிலையை எல்லையிலேயே நிறுத்தி மருந்து எச்சம் சோதித்தார்களே, அந்தக் கெட்ட பெயர் கண்டபடி மருந்து அடித்ததால் வந்ததுதான். புழுவுக்கு முன்னால் இதில் சாவது முட்டை ஒட்டுண்ணிக் குளவி. பட்டாம்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அழிக்கும் பொடிப்பூச்சி அது. தேன் கிடைத்தால்தான் நாலு நாள் கூடுதலாக உயிரோடிருந்து உங்களுக்கு உழைக்கும். வரப்புப் பூ அதற்கான சோறு. கடைக்காரர் பிடுங்கச் சொன்னது அந்தச் சோற்றைத்தான்.

உண்ணிச்செடி மட்டும் காட்டையே மூடிவிடும், அதை எடுத்துவிடலாம். ஆனால் முதலில் அந்த வரப்பில் தட்டைப்பயறு விதையுங்கள். அதற்குக் காம்பிலேயே தேன் சுரக்கும். அது பிடித்து வளர்ந்தபின் உண்ணியை வெட்டுங்கள்.