திருவனந்தபுரமா, தூத்துக்குடியா? விமான தூரமும் நேரமும்: கேள்வி பதில்

நாகர்கோவிலில் பல வருடமாக விமான டிக்கெட் போட்டுத் தருகிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தக்கலையில் இருந்து: அண்ணாச்சி, திருவனந்தபுரம்–சென்னை தூரம் ஓரிடத்தில் 610, இன்னோரிடத்தில் 330. எது சரி?

இரண்டும் சரி. முதலாவது கிலோமீட்டர், அடுத்தது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. இரண்டுமே நேர்கோட்டுத் தூரம்.

நாகர்கோவில் கல்லூரி மாணவர்: ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் போகும். அப்படியானால் 45 நிமிடம் போதுமே? டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணிக்கும் மேல் காட்டுகிறது?

நல்ல கேள்வி மக்கா. டிக்கெட்டில் உள்ளது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. நிற்கும் இடத்தில் இருந்து விமானம் நகரத் தொடங்கியதில் இருந்து, சென்னையில் போய் நிற்கும் வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானம் கிளம்பக் காத்திருக்க வேண்டும். ஏறியதும் முழு வேகம் கிடைக்காது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ.தான். இறங்கும்போதும் அப்படியே. சென்னையில் நெரிசல் என்றால் வரிசையில் சுற்ற விடுவார்கள். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் நேரம் போடுகிறார்கள். குறைந்த தூரப் பயணத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே.

குளச்சலில் இருந்து: எத்தனை மணி நேரம் முன்னால் போக வேண்டும்?

உள்நாட்டுக்கு 2 மணி, வெளிநாட்டுக்கு 3 மணி நேரம். ஒன்று மறக்காதீர்கள்: திருவனந்தபுரத்தில் இரண்டு முனையங்கள், ஓடுபாதையின் இரண்டு பக்கம். சங்குமுகம் பக்கம் ஒன்று, சாக்கை பக்கம் இன்னொன்று. டிக்கெட்டில் முனையம் பார்த்துவிட்டுக் காரில் ஏறுங்கள்.

ஆரல்வாய்மொழியில் இருந்து: எங்களுக்குத் தூத்துக்குடிதான் வசதி. சென்னை 530 கி.மீ.தான். எல்லோரையும் ஏன் திருவனந்தபுரத்துக்கு அனுப்புகிறீர்கள்?

மார்த்தாண்டத்தில் இருந்து: தூத்துக்குடிக்குப் போகவே எங்களுக்குப் பாதி நாள் போய்விடும்!

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். ஆரல்வாய்மொழிக்காரர் நான்குவழிச் சாலையில் திருநெல்வேலி போய், தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்குத் திரும்பினால் நெரிசல் குறைவு. ஆனால் ஏடிஆர் எனும் சின்ன புரொப்பல்லர் விமானம் என்றால் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ.தான். தூரம் 80 கி.மீ. குறைந்தும் வானத்தில் நேரம் மிச்சமாகாது. மார்த்தாண்டத்துக்குத் திருவனந்தபுரம்தான். களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். நாகர்கோவில்காரர் இரண்டு ஊர் டிக்கெட் விலையையும் கார் வாடகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆரல்வாய்மொழி மறுபடியும்: ஆராட்டு அன்று திருவனந்தபுரத்தை மூடிவிடுவார்களே!

உண்மை. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம், அதாவது சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம், ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அன்று மாலை சுமார் 5 மணி நேரம் விமானம் கிடையாது. வருடத்தில் இரண்டே நாள், முன்கூட்டியே அறிவித்து நேரத்தை மாற்றிவிடுவார்கள். அதற்காக அந்த நிலையமே வேண்டாம் என்பது சரியில்லை.

கருங்கலில் இருந்து: துபாய்க்கு இரண்டரை மணி நேரம்தான் காட்டுகிறதே?

இல்லை, சுமார் 4 மணி நேரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

திங்கள்சந்தையில் இருந்து: எத்தனை மணி நேரம் முன்னால் போகணும்?

குளச்சல்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள். முனையத்தையும் பாருங்கள்.