ஆராய்ச்சிக்கு எந்தக் கிழமை என்று கேளுங்கள், தம்பி

மதுரையில் டிஎம் நியூராலஜி என்ற நரம்பியல் மேற்படிப்பை முடிக்கப் போகிறேன், இங்கிலாந்து வந்தால் நோயாளி, ஆராய்ச்சி, மாணவர்கள் என்று மூன்றையும் ஒரே வேலையில் பார்க்க முடியுமா, எந்த ஊரில் தங்குவது, குளிர் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கு நல்ல கோட்டு ஒன்று போதும். வேலை கிடைக்கிற ஊர்தான் உங்கள் ஊர். முதல் கேள்விக்கு வருகிறேன்.

முடியும், தம்பி. ஆனால் அதற்கான நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். இங்கே கன்சல்டன்ட் என்கிற மூத்த நிபுணரின் வேலை வாரத்தை நாலு மணி நேரக் கூறுகளாகப் பிரித்து, பத்து கூறு என்று கணக்கு வைக்கிறார்கள். கன்சல்டன்ட்டுகளுக்கான 2003 ஒப்பந்தத்தின் மாதிரிப்படி ஏழரை நோயாளிகளுக்கு, இரண்டரை மற்றதுக்கு. இப்போது பல இடங்களில் ஒன்றரைதான் தருகிறார்கள். அந்த ஆறு மணி நேரத்துக்குள் மாணவர்களுக்குப் பாடம், சிகிச்சைத் தரத்தைச் சரிபார்க்கிற ஆடிட், உங்கள் சொந்தப் படிப்பு எல்லாம் அடக்கம். ஆராய்ச்சியை எங்கே நுழைப்பீர்கள்? "ரிசர்ச்சுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு" என்று இன்டர்வியூவில் சிரித்த முகத்தோடு சொல்வார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கூச்சப்படாதீர்கள்.

நான் முதலில் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். விளம்பரத்தில் கற்பித்தல், ஆராய்ச்சி என்றெல்லாம் அழகாகப் போட்டிருந்தது. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, ஆளில்லாத ட்யூட்டியை அடைக்க எடுத்திருக்கிறார்கள் என்று. பயிற்சிக் கணக்கில் சேராத பதவி. இடுப்பில் ப்ளீப், அதாவது அழைப்புக் கருவி, கத்திக்கொண்டே இருக்கும். நடுராத்திரியில் பக்கவாதக் கேஸ் வரும். கை கால் விழுந்து நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டாக வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று வீட்டாரிடம் துருவித் துருவிக் கேட்க வேண்டும். ஆராய்ச்சி என்பது ஞாயிற்றுக்கிழமை ஹீட்டர் மேல் சட்டையைக் காயப்போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது. அவ்வளவுதான்.

முறையான வழி வேறு. என்ஐஎச்ஆர் என்ற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் நிதியில் வரும் அகாடமிக் க்ளினிக்கல் ஃபெலோ பதவியில் வேலை நேரத்தில் நாலில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்கு. பிஎச்டி முடித்து க்ளினிக்கல் லெக்சரர் ஆனால் பாதிக்குப் பாதி. போட்டி கடுமை. 2025 ஜூலையில் இங்கிலாந்து அரசு வெளியிட்ட பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம் பயிற்சி இடங்களில் உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. உங்கள் டிஎம்மை மட்டும் காட்டி நிபுணர்களுக்கான ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் ஏறவும் முடியாது. போர்ட்ஃபோலியோ பாத்வே என்ற வழியில் நீங்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி கேட்பார்கள். அதனால் இன்றைக்கே லாக்புக், நடத்திய வகுப்புகளின் பட்டியல், எல்லாவற்றிலும் துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள். ஊரைவிட்டு வந்த பிறகு ஒரு ரப்பர் ஸ்டாம்புக்காக நண்பனைக் கல்லூரி ஆபீசுக்கு நடையாய் நடக்க விடுவது பாவம்.

நம்மவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, வந்து கொஞ்ச நாளிலேயே "நம்ம ஊர் டாக்டருக்கு என்ன தெரியும்" என்று பேசும். எனக்குப் பிடிக்காது. காசநோய் மூளைக்காய்ச்சலையும் மூளையில் நாடாப்புழுக் கட்டிகளையும் வார்டு நிறையப் பார்த்த கண் இங்கே எத்தனை பேருக்கு உண்டு? இன்னொரு வகை, ஊர் வழக்கத்தை ஒரு அங்குலம் மாற்றாது. 2018 முதல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கருத்தடைத் திட்டம் இல்லாமல், கருவைப் பாதிக்கக்கூடிய வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டை எழுதக்கூடாது என்று விதி வந்தபோது "ஊரில் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்" என்று சலித்துக்கொண்டார் ஒருவர். கார் ஓட்டுகிற விஷயமும் அப்படித்தான். வலிப்பு நோய் என்றால் பொதுவாக ஒரு வருஷம் வலிப்பில்லாமல் இருந்த பிறகுதான் ஓட்டலாம். அதை நோயாளியிடம் சொல்லி, சொன்னதைக் குறிப்பிலும் எழுத வேண்டும். டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிற மனுஷனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், எந்தப் பரீட்சையும் அதற்குத் தயார் செய்யாது.

கற்பித்தல்தான் எனக்கு இங்கே பிடித்த பகுதி. அமெரிக்க டாக்டர் ஹூவர் 1908-ல் எழுதிய சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். வலுவில்லாத காலின் குதிகாலுக்கு அடியில் கையை வைத்து அழுத்தச் சொன்னால் அழுத்தம் வராது. மற்ற காலைத் தூக்கச் சொல்லி மேலிருந்து தடுத்தால் இந்தக் குதிகால் தானாகக் கையை அழுத்தும். படிக்கும்போது அது "நடிப்பைக் கண்டுபிடிக்க" என்றுதான் காதில் விழுந்தது. இங்கே அதை நோயாளிக்கே காட்டுகிறோம்: பாருங்கள், காலுக்கு வலு இருக்கிறது, மூளை அதை எடுத்துப் பயன்படுத்துவதில்தான் சிக்கல். மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்து இதைச் செய்தால், நரம்பியல் என்றாலே பயந்தவர்கள்கூட முன்னால் வந்து எட்டிப் பார்ப்பார்கள். சென்னையில் எங்கள் பேராசிரியர், கோளாறு மூளையில் எந்த இடம் என்று சொல்லாமல் ஸ்கேன் கவரைத் தொடவே விடமாட்டார். உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே ரவுண்ட்ஸ் முழுக்க நடப்பார். நானும் இங்கே மாணவர்களுக்கு முன்னால் கம்ப்யூட்டர் திரையை அணைத்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

விசா பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள்.