வாசகர் கேள்வி–பதில்: தெருப் பூங்காவும் வட்டாரப் பூங்காவும்

கேள்வி: கிண்டி குதிரைப் பந்தய மைதான நிலத்தில் 118 ஏக்கரில் பூங்கா அமைக்கப்போவதாக 2024இல் அரசு அறிவித்தது. தெருவுக்குத் தெரு பூங்கா இருக்கும்போது, ஒரே இடத்தில் இவ்வளவு நிலத்தை ஒதுக்குவது தேவைதானா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகும் பகுதியிலிருந்து இக்கேள்வி வந்திருப்பது பொருத்தமே. தெருப் பூங்கா முதியவர்கள் நடக்கவும் குழந்தைகள் ஊஞ்சலாடவும் போதும். பல குடியிருப்புகளுக்குப் பொதுவான வட்டாரப் பூங்காவோ, அதன் பரப்பினாலேயே, சிறு பூங்காக்கள் நூறு சேர்ந்தாலும் செய்ய இயலாத ஒரு வேலையைச் செய்யும். பெருமழை நீரை நின்று வடியவிடும் வேலை அது.

சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்கா இதற்கு நல்ல சான்று. 1988இல் திறக்கப்பட்ட அப்பூங்காவின் ஓரமாக, காலாங் ஆறு கான்கிரீட் கால்வாய்க்குள் நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவைப் பராமரிக்கும் துறையும் நீர் வாரியமும் இணைந்து 2009இல் பணியைத் தொடங்கி, 2.7 கிலோமீட்டர் நீளக் கால்வாயை உடைத்து, 62 ஹெக்டேர் பூங்காவின் நடுவே வளைந்து நெளிந்து செல்லும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி, 2012இல் மீண்டும் திறந்தன. கரைகளைச் செடிகளின் வேர்களும் கற்களும் தாங்குகின்றன. மழையில்லாத நாளில் சிறு ஓடையாக இருக்கும் ஆறு, பெருமழையில் ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்துக்குப் புல்வெளியில் பரவ இடம் விடப்பட்டிருக்கிறது. நீர் உயரும்போது மக்களைக் கரையேறச் சொல்ல அபாயச் சங்கும் எச்சரிக்கை விளக்குகளும் உண்டு. உடைத்தெடுத்த கான்கிரீட்டையும் வீணாக்காமல் அங்கேயே ஒரு குன்று எழுப்பினார்கள். இரு துறைகள் ஒரே வரைபடத்தின் முன் அமர்ந்ததுதான், ஆற்றை வளைத்ததைவிட அரிய செயல் என்பேன்.

ஆகவே கிண்டியிலும் நீரூற்றும் அலங்கார வளைவும் எங்கே அமையும் என்பதற்கு முன்பாக, சுற்றுப்புற மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை ஆராய வேண்டும்.

கேள்வி: புதிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைப் பூங்காவுக்கு விட வேண்டும் என்கிறார்களே, அது போதாதா?
– வாசகர், தாம்பரம்

பதில்: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள இடங்களில் நிலத்துக்கு ஈடாகப் பணமும் செலுத்தலாம். இப்படிக் கிடைப்பவை பெரும்பாலும் சிதறிய துண்டுகள் என்பதால், வட்டாரப் பூங்காவுக்கான நிலத்தை, நகரின் எந்த நிலம் எதற்கு என வகுக்கும் முழுமைத் திட்டத்திலேயே (மாஸ்டர் பிளான்) முன்கூட்டிக் குறித்து வைப்பது தவிர வேறு வழியில்லை.

அதற்காக அத்துண்டுகளை அலட்சியப்படுத்தலாகாது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு வழங்கியதை எதிர்த்து அப்பகுதிக் குடியிருப்பாளர்கள் வழக்காடினர். அந்த ஒதுக்கீடு செல்லாது என்ற தீர்ப்பை 1991இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்கா எனக் குறித்த இடம் உள்ளாட்சியின் பெயருக்கு மாறிவிட்டதா என்பதை, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்று இப்போதே பார்த்துவிடுங்கள்.