கலிபோர்னியா: 2015-ல் வாங்கிய புல்லட் பட்டன் ரைஃபிளை இப்போது பதியலாமா?

இணையதளம் முடங்கியதால் அப்போது பதிய முடியவில்லை, இப்போது பதியலாமா என்று கேட்கிறீர்கள். முடியாது. புல்லட் பட்டன் (மேகசின் எனும் தோட்டாப் பெட்டியைக் கழற்றக் கருவி முனையால் அழுத்த வேண்டிய பூட்டு) உள்ள ரைஃபிளை ‘தாக்குதல் ஆயுதம்’ (assault weapon) என்று அரசிடம் பதியும் காலம் 2018 ஜூன் 30-உடன் முடிந்தது. உங்களைப் போலவே இணையதளம் முடங்கிப் பதிய முடியாமல் போனவர்கள் வழக்குப் போட்டு, சமரசத்தில் இன்னொரு வாய்ப்பு வாங்கினார்கள்: 2022 ஜனவரி 13 முதல் ஏப்ரல் 12 வரை. அதுவும் போய்விட்டது.

“வாங்கும்போது சரியாகத்தானே இருந்தது” என்கிறீர்கள். இருந்தது. துப்பாக்கி மாறவில்லை, சட்டத்தின் வரையறைதான் மாறியது. 2017 முதல், துப்பாக்கியின் இயங்குபகுதியை (action) பிரிக்காமல் மேகசின் கழன்று வந்தால் அது ‘நிலையான மேகசின்’ ஆகாது. புல்லட் பட்டனையோ தோட்டா முனையால் அழுத்தினாலே மேகசின் கழன்றுவிடும்!

மேகசின் நிலையானது இல்லை என்றால், கூடவே இருக்கும் பாகங்கள்தான் அது தாக்குதல் ஆயுதமா என்பதை முடிவு செய்யும். இதைச் சரிபாருங்கள்: பிஸ்டல் கைப்பிடி, முன் கைப்பிடி, கட்டைவிரல் துளையுள்ள கட்டை (தோளில் பதிக்கும் பின்பகுதி), மடங்கும் அல்லது நீளும் கட்டை, ஃபிளாஷ் சப்ரெஸர் (சுடும்போது எழும் வெளிச்சத்தைக் குறைப்பது), கிரனேட் அல்லது ஃபிளேர் லாஞ்சர். சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடியில் நடுவில் தட்டி வெடிக்கும்) செமி ஆட்டோமேட்டிக் (ஒரு விசை அழுத்தலுக்கு ஒரு குண்டு) ரைஃபிளில் இவற்றில் ஒன்று இருந்தாலே சிக்கல். எதுவும் இல்லை, நீளமும் 30 அங்குலத்துக்குக் குறையவில்லை, பெயர் குறித்த தடைப்பட்டியலிலும் இல்லை என்றால் உங்களுக்குப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

ஆனால் இன்று பாகத்தைக் கழற்றினால், இதுவரை பதியாமல் வைத்திருந்தது இல்லை என்றாகிவிடாது. காரில் எங்கும் எடுத்துப் போகாதீர்கள்; முதலில் வக்கீல். அப்புறம், 2021-லும் 2023-லும் கீழ் நீதிமன்றம் தாக்குதல் ஆயுதத் தடையை ரத்து செய்த செய்தியை நம்பி இருக்க வேண்டாம். அந்த இரண்டு தீர்ப்புகளையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.