ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டருக்குள் மூச்சு வாங்குகிறது. எந்த டிரில்களை (நுட்பப் பயிற்சிகளை) செய்வது?

தவளை நீச்சலில் அரை மணி நேரம் தாங்குகிறது, ஃப்ரீஸ்டைலில் மட்டும் குளத்தின் ஒரு நீளம் முடிவதற்குள் மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் குறை உங்கள் உடல் வலுவில் இல்லை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. இடுப்பு சற்றுத் தாழ்ந்தாலே எதிர்ப்பு கூடிவிடும். வேகமாகக் கை வீசினால் இன்னும் சீக்கிரம் களைத்துப்போவீர்கள்.

முதலில் மூச்சைக் கவனியுங்கள். முகம் நீருக்குள் இருக்கும்வரை மூக்கு வழியே காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பலர் அதை அடக்கி வைத்துவிட்டு, வாய் வெளியே வரும் ஒரு நொடிக்குள் விடவும் இழுக்கவும் முயல்கிறார்கள். போதாததற்குத் தலையையும் முன்பக்கமாகத் தூக்குகிறார்கள். தலை ஏறினால் கால் இறங்கும்.

இதற்கு நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது பக்கவாட்டு உதைதான். ஒருக்களித்துப் படுத்து, கீழ்க் கையை முன்னால் நீட்டி, மேல் கையைத் தொடைமீது வைத்து, குளத்தின் தரையைப் பார்த்தபடி கால்களை மட்டும் உதையுங்கள். மூச்சு வேண்டும்போது தலையைத் தூக்காமல் உருட்டுங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் நீருக்குள்ளேயே இருக்கட்டும். நகரவே மாட்டேன் என்கிறதா? காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இது பழகியதும் ஆறு உதைக்கு ஒருமுறை கையை மாற்றி மறுபக்கம் திரும்புங்கள். தோளும் இடுப்பும் சேர்ந்து உருளும் பழக்கம் இதில்தான் வரும்.

அடுத்தது முஷ்டி டிரில். கைகளை இறுக மூடிக்கொண்டு நீந்த வேண்டும். உள்ளங்கை உதவாதபோது, முழங்கையை உயரத்தில் நிறுத்தி முன்கையால் நீரைப் பின்னுக்குத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. விரல்களைத் திறந்து நீந்தும் அடுத்த நீளத்தில் வித்தியாசம் உடனே தெரியும். ஒரு கை வந்து சேரும்வரை மறு கை முன்னால் காத்திருக்கும் 'கேட்ச்-அப்' டிரிலை அளவோடு செய்யுங்கள். அதிகமானால் முன்னால் கையை நீட்டி ஓய்வெடுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். விரல் நுனியால் நீர்ப்பரப்பை உரசிச் செல்லும் டிரில் பார்க்க அழகு. உங்களுக்கு இப்போது அவசரமில்லை.

டிரிலை மட்டும் செய்துவிட்டுக் கரையேறுவதால் பயனில்லை. ஒரு நீளம் டிரில் என்றால் அடுத்த நீளம் முழு நீச்சல், அதே கவனத்தோடு. 200 மீட்டர் நிதானமாக நீந்தி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு பக்கவாட்டு உதையும் முழு நீச்சலும் மாறி மாறி எட்டு 25 மீட்டர். முஷ்டிக்கும் அதே போல எட்டு. ஒவ்வொன்றுக்கும் இடையே 20 நொடி ஓய்வு. கடைசியாக 50 மீட்டர் வீதம் நான்கு முறை, கை வீச்சுகளை எண்ணிக்கொண்டு நீந்துங்கள். மொத்தம் 800 மீட்டர், போதும். எண்ணிக்கை மூன்று நான்கு கூடிவிட்டால் களைப்பில் உருக்குலைகிறது என்று பொருள். அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எண்ணிக்கையைக் குறைப்பதையே வெறியாக்கிக்கொள்ளவும் வேண்டாம். 1992, 1996 ஒலிம்பிக்குகளில் 50, 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கங்களை வென்ற அலெக்சாண்டர் போபோவ் நீண்ட, நிதானமான வீச்சுக்குப் பெயர்போனவர். உயரம் குறைந்த அமெரிக்க வீராங்கனை ஜேனட் எவன்ஸோ காற்றாடி போலக் கையைச் சுழற்றுவார். 1989இல் 800 மீட்டரில் அவர் படைத்த 8:16.22 என்ற உலக சாதனை 2008 வரை நின்றது. ஆகவே எண்ணிக்கையோடு நேரத்தையும் பாருங்கள். வீச்சு எண்ணிக்கை குறைந்து நேரம் கூடினால், வெறுமனே சறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

தொடைகளுக்கு நடுவே வைக்கும் 'புல் பாய்' (pull buoy) என்ற மிதவையை ஆரம்ப வாரங்களில் தொடாதீர்கள். அது இடுப்பைத் தூக்கிப் பிடிப்பதால் நன்றாக நீந்துவதாகத் தோன்றும். எடுத்ததும் கால் மறுபடி தாழும்.