பின்சக்கரத்தில் ஆயில் ஒழுகுகிறது, பேரிங் மாற்றினால் போதுமா?

கேள்வி: என்னிடம் 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங் ஜீப் இருக்கிறது. வலது பின்சக்கரத்தில் வேகம் கூடக்கூட ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். டயரின் உள்பக்கம் ஆயில் வழிந்திருக்கிறது, மேட்டில் ஹேண்ட் பிரேக் நிற்பதில்லை. இரண்டு பக்கமும் பேரிங், ஆயில் சீல், பிரேக் ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கையோடு டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் கிட் போடலாமாம். நண்பரோ, சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் பேரிங்கோடு பழைய ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வாங்கி மாட்டினால் செலவு பாதி என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (கோத்தகிரி வாசகர்)

பதில்: முதலில் ஒன்று: இதைச் சரிசெய்யும்வரை மலைப்பாதையில் வண்டியை இறக்காதீர்கள். ஷூவில் ஆயில் இறங்கிய வண்டியோடு ஊட்டி-மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை யாராவது நம்பி இறங்குவார்களா?

ஒழுகுவது எந்த ஆயில் என்று பாருங்கள். கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு இருந்தால் கிரவுன் ஆயில் (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஆயில்), அதாவது ஆக்சிலின் ஆயில் சீல் போயிருக்கிறது. தண்ணீர் மாதிரி நீர்த்து, பெயின்டை உரித்தால் பிரேக் ஆயில், குற்றவாளி வீல் சிலிண்டர். சத்தமும் சேர்ந்து வருவதால் உங்கள் வண்டியில் பேரிங் ஆடி, அந்த ஆட்டத்தில் சீல் தேய்ந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் சத்தம் மாறினால் மட்டும் ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரங்களான கிரவுன் பினியனைச் சந்தேகப்படுங்கள்.

ஆனால் சீல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஆக்சில் மேல் பிரீதர் என்று சின்னதாக ஒரு மூடி இருக்கும், உள்ளே சூடாகும் காற்று அது வழியாகத்தான் வெளியேற வேண்டும். சேற்றில் அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் சீலைத் தாண்டி ஆயிலைத் தள்ளும். சூடான ஆக்சிலோடு ஓடையில் இறங்கினால் தலைகீழாக, தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கிரவுன் ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்யாமல் புது சீல் போடுவது வீண் செலவு.

இந்த வண்டியில் பேரிங் நேராக ஷாஃப்ட் மேலேயே அழுத்திப் பொருத்தப்பட்டது, அதை நகரவிடாமல் ஒரு ரிங் பிடித்திருக்கும். பழைய ரிங்கை கிரைண்டரில் தேய்த்து, உளியால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி எடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஷாஃப்டின் பதம் போய்விடும். ரிங் புதுசாகத்தான் போட வேண்டும், பழையதைத் திரும்ப மாட்டினால் அது நழுவி, ஓடும்போது சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வந்துவிடும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஷாஃப்டைப் பிடித்து நிறுத்துவதே அந்த பேரிங்கும் ரிங்கும்தான். அதனால் சுத்தியலால் அடித்து ஏற்றுகிற கடைக்குப் போகாமல் பிரஸ் வைத்திருக்கிற லேத் பட்டறையைத் தேடுங்கள்.

நண்பர் சொல்லும் பழைய ஷாஃப்ட் பேச்சை விட்டுவிடுங்கள். அந்த பேரிங் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்கிறவருக்கே தெரியாது. உங்கள் ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தில் விரல் நகம் மாட்டுகிற அளவு பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் வேறு ஷாஃப்ட் தேவை.

டிஸ்க் கிட்டும் வேண்டாம். ஓடை தாண்டியதும் டிரம்மை விட டிஸ்க் சீக்கிரம் காயும், அது உண்மைதான். ஆனால் முன், பின் பிரேக்கின் சமநிலை மாறும், சில கிட்களில் ஹேண்ட் பிரேக்குக்கே வழி இருக்காது. மலையில் இருக்கிறவருக்கு ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டியா?

மெக்கானிக் சொன்ன மற்றவற்றில் ஷூ இரண்டு பக்கமும் மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள், சூடானதும் ஊறின ஆயில் மறுபடி வெளியே வரும். வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசு மிச்சம். இடது பேரிங்கில் ஆட்டமும் சத்தமும் இல்லை என்றால் அதைத் தொட வேண்டாம். டிரம்மைக் கழற்றும்போது காற்றடித்துத் தூசியை ஊத விடாதீர்கள், பழைய ஷூவின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பேரிங் வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துக்கொண்டு போங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் சரி, கோவையிலும் சரி, பிரபல பிராண்டுகளின் டூப்ளிகேட் பெட்டிகள் புழங்குகின்றன. எஸ்கேஎஃப் பேரிங் அசல்தானா என்று பார்க்க அந்த நிறுவனமே ஒரு மொபைல் ஆப் தருகிறது. பில் இல்லாமல் வாங்காதீர்கள், போலி என்று தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்ய அந்தச் சீட்டுதான் கையில் இருக்கும். அப்புறம், கழற்றிய பழைய பேரிங்கையும் சீலையும் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.