ஹீட்டரில் குளிர்காற்று ஏன்?

கேள்வி: கொடைக்கானல் போனபோது காரில் ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வந்தது. ரேடியேட்டர் தண்ணீரும் செம்மண் நிறத்தில் இருக்கிறது. என்ன கோளாறு?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அந்தச் செம்மண் நிறம் துரு. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறையும்போதெல்லாம் போர் தண்ணீர் ஊற்றினீர்களா? உப்புத் தண்ணீர் இன்ஜினுக்குள் இரும்பை அரித்து, அந்தத் துகளும் உப்புப் படிவும் சேர்ந்து ஹீட்டர் கோரின் (இன்ஜினின் சூடான கூலண்ட் ஓடி, காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் பாகம்) மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். இன்ஜின் சூடானதும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள், சுடும், கவனம். ஒன்று கொதித்து மற்றது ஆறிக் கிடந்தால் பெரும்பாலும் அடைப்புதான். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலண்ட் அளவையும், சூட்டுக்கேற்ப கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பென்றால் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவி, அப்புறம் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், முகமே வெந்துவிடும்.